மொபைல் ஸ்டார்ட்டர் வாங்கும் முன் தோட்டத்து சிக்னலை அளந்து பாருங்கள்!

'வீட்டு வாசலில் போன் பேசினால் தெளிவாகக் கேட்கிறது. கிணற்றடியில் வைத்த மொபைல் ஸ்டார்ட்டரை அழைத்தால் மட்டும், தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சொல்கிறது. கருவியில் கோளாறா, சிம்மில் கோளாறா?'

பம்ப்செட்டுக்கு மொபைல் ஸ்டார்ட்டர் மாட்டிய விவசாயிகள் வேளாண்மை விரிவாக்க மையத்தில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பெரும்பாலும் கருவியும் நன்றாக இருக்கும், சிம்மும் நன்றாக இருக்கும். டவரிலிருந்து கிளம்பிய அலை கிணற்றடிக்கு வந்து சேரும் முன்பே தேய்ந்துபோயிருக்கும்.

இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிட முடியாது. மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வந்தால், மோட்டார் போட டார்ச் லைட்டோடு வரப்பில் நடக்க வேண்டும். பாம்பு பயமும், அறுந்து கிடக்கும் கம்பியின் பயமும் வேண்டாம் என்றுதானே இந்தக் கருவியை வாங்குகிறோம்? மோட்டாரைப் போட முடியாமல் போனால் ஒருநாள் பாய்ச்சல் தள்ளிப்போகும், அவ்வளவுதான். போட்ட மோட்டாரை நிறுத்த முடியாமல் போனால் கிணறு வற்றி, மோட்டார் வெறுமனே ஓடி, காயில் போய்விடும். ரீவைண்டிங் செலவு எவ்வளவு என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்.

வேளாண்மைப் பொறியியல் துறை இந்தக் கருவியை மானியத்தில் வழங்குகிறது. விண்ணப்பம் எழுதும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. செலவில்லாத வேலைதான். உங்கள் தோட்டத்தில் எவ்வளவு சிக்னல் வந்து சேர்கிறது என்று அளக்க வேண்டும்.

கடைமடைக்கு வரும் தண்ணீர் போல

மதகில் திறந்த தண்ணீர் அத்தனையும் கடைமடைக்கு வந்து சேர்வதில்லை. வாய்க்காலில் கசிவது, ஆவியாவது, புதர் மண்டிய இடத்தில் தேங்குவது போக மிச்சம்தான் கடைசி வயலுக்கு வரும். டவரிலிருந்து கிளம்பும் ரேடியோ அலைக்கும் இதே கதைதான். வழியில் ஏற்படும் இந்தத் தேய்மானத்தைப் பொறியாளர்கள் 'பாத் லாஸ்' என்கிறார்கள். நாம் 'வழி இழப்பு' என்று வைத்துக்கொள்வோம்.

வாய்க்காலில் பாதித் தண்ணீர் வீணானாலே சண்டை வந்துவிடும். அலையில் ஏற்படும் இழப்போ கற்பனைக்கு எட்டாதது. ஒரு டவர் 20 வாட் சக்தியில் அலையை அனுப்புகிறது என்றால், ஓரத்துக் கிராமத்தில் உங்கள் போனுக்கு வந்து சேர்வது ஒரு வாட்டில் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்காகக்கூட இருக்கலாம். அதை வைத்துக்கொண்டுதான் போன் பேசுகிறது.

இவ்வளவு சிறிய எண்களை எழுதிக் கணக்குப் போட முடியாது என்பதால் 'டெசிபெல்' என்ற அளவு வந்தது. மூன்று டெசிபெல் குறைந்தால் சக்தி பாதியாகிவிட்டது. 10 டெசிபெல் குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. 20 குறைந்தால் நூறில் ஒரு பங்கு. 30 குறைந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும், மீதியெல்லாம் கூட்டல், கழித்தல்தான்.

உங்கள் போனில் சிக்னல் 'டி.பி.எம்' என்ற அளவில் காட்டப்படும். ஒரு மில்லிவாட் சக்தியைப் பூஜ்யமாக வைத்து அதற்குக் கீழே எண்ணுவதால், எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி இருக்கும். கடன் பாக்கி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். −85 என்பது −105-ஐ விட நல்லது. இரண்டுக்கும் நடுவே நூறு மடங்கு வித்தியாசம்.

பொதுப் பரிந்துரையும் மண் பரிசோதனையும்

ஒரு டவர் எவ்வளவு தூரம் எட்டும் என்று நட்டுவைக்கும் முன்பே எப்படிக் கணிக்கிறார்கள்? இதற்கு வழிகாட்டியவர் ஜப்பானைச் சேர்ந்த யோஷிஹிசா ஒகுமுரா. டோக்கியோவிலும் அதன் சுற்றுப்பகுதிகளிலும் வண்டியில் கருவிகளை ஏற்றிக்கொண்டு போய், நகரம், புறநகர், திறந்தவெளி, மேடுபள்ளம் என்று பல இடங்களில் சிக்னலை அளந்தார். அந்த அளவுகளை 1968-ல் வரைபடங்களாக வெளியிட்டார். மசஹரு ஹாட்டா என்பவர் 1980-ல் அந்த வரைபடங்களை ஒரு சூத்திரமாக்கினார். டவரின் உயரம், அலைவரிசை, தூரம், நம் ஆன்டெனாவின் உயரம் ஆகிய நான்கையும் கொடுத்தால் வழி இழப்பு எவ்வளவு என்று அந்தச் சூத்திரம் சொல்லிவிடும். உலகெங்கும் மொபைல் வலையமைப்புகளைத் திட்டமிட இது அடிப்படையானது. ஒகுமுராவுக்கு 2013-ல், மொபைல் போன் முன்னோடிகள் சிலரோடு சேர்த்து, பொறியியல் துறையின் உயரிய பரிசான டிரேப்பர் பரிசு வழங்கப்பட்டது.

இந்தச் சூத்திரத்தை நம் பாஷையில் சொன்னால் 'பொதுப் பரிந்துரை'. ஏக்கருக்கு இவ்வளவு யூரியா, இவ்வளவு பொட்டாஷ் என்று பயிருக்குப் பொதுவாகச் சொல்கிறோம் அல்லவா, அதுபோல. அது பல வயல்களின் சராசரி. உங்கள் வயலுக்கு என்ன தேவை என்பதை மண் பரிசோதனைதான் சொல்லும். சூத்திரம் கணித்ததற்கும் ஒரு குறிப்பிட்ட இடத்தில் கிடைப்பதற்கும் 8 டெசிபெல் அளவுக்கு ஏற்ற இறக்கம் இருப்பது வெகு சாதாரணம். ஒரு மேடு, ஒரு கட்டடம், ஒரு தோப்பு குறுக்கே வந்தால் போதும். அதனால்தான் பொறியாளர்களும் கணித்ததோடு விடாமல், வண்டியில் போய் அளந்து கணக்கைத் திருத்திக்கொள்கிறார்கள்.

சேவை நிறுவனங்கள் தங்கள் இணையதளங்களில் வெளியிடும் சேவை வரைபடங்களும் இப்படித்தான். உங்கள் ஊர் பச்சை நிறத்தில் இருப்பதைப் பார்த்து, கிணற்றடியிலும் சிக்னல் உண்டு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உங்கள் மாந்தோப்பும் தகரக் கொட்டகையும் அந்த வரைபடத்துக்குத் தெரியாது.

ஒரு வரவு செலவுக் கணக்கு

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு போடுவோம். 40 மீட்டர் உயர டவர். 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 2ஜி சேவை. நடுவில் பெரிய தடையில்லாத வயல்வெளி. தோட்டம் 4 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

டவர் அனுப்புவது 20 வாட். ஆன்டெனா அதை ஒரு திசையில் குவித்து அனுப்புவதால், கிளம்பும்போது 56 டி.பி.எம் என்று கொள்ளலாம். இது வரவு.

ஹாட்டா சூத்திரப்படி, திறந்தவெளியில் 4 கிலோமீட்டருக்கு வழி இழப்பு சுமார் 117 டெசிபெல். மிச்சம் −61. அருமையான சிக்னல். வரப்பில் நின்று பேசினால் கணீரென்று கேட்கும்.

கிணற்றுக்கும் டவருக்கும் நடுவே 100 மீட்டருக்கு அடர்ந்த மாந்தோப்பு இருக்கிறது என்று வையுங்கள். அலை மரங்களை ஊடுருவி வர வேண்டியிருந்தால், வைஸ்பெர்கர் என்பவரின் சூத்திரப்படி இன்னும் 19 டெசிபெல் போய்விடும். மிச்சம் −80.

தகரக் கூரை போட்ட மோட்டார் ரூமுக்குள், இரும்புப் பேனல் பெட்டிக்குள் ஆன்டெனாவைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். இதற்கு 20 டெசிபெல் என்று எழுதிக்கொள்வோம். மிச்சம் −100.

2ஜி கைப்பேசிக்குத் தரநிலை வகுத்திருக்கும் எல்லை −102. அதாவது, கருவி மயிரிழையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஒருநாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. 'நேற்றுகூட ஓடியதே!' என்று மெக்கானிக்கைத் தேடுவோம்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 4 கிலோமீட்டர் தூரத்தை நம்மால் மாற்ற முடியாது. கடைசியில் போன 20 டெசிபெல் நம் கையில் இருந்தது. அதில்தான் நூறு மடங்கு சிக்னலைத் தொலைத்திருக்கிறோம்.

எது எவ்வளவு தின்கிறது?

*தூரம்:* மேலே சொன்ன 40 மீட்டர் டவருக்கு, தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் சுமார் 10 டெசிபெல் இழப்பு, அதாவது பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். 2 கிலோமீட்டரிலிருந்து 4-க்குப் போனாலும் 10 டெசிபெல், 4-லிருந்து 8-க்குப் போனாலும் 10 டெசிபெல்தான்.

*அலைவரிசை:* 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் தூரம் போகும், மரங்களையும் ஓரளவு கடக்கும். 1800, 2100, 2300 என்று உயர உயர இழப்பு கூடும். நாம் பார்த்த அதே 100 மீட்டர் தோப்பு, 900-ல் 19 டெசிபெல் தின்றால் 2300-ல் 25 தின்னும். ஒரே ஊரில் ஒரு நிறுவனத்தின் சிம் எடுப்பதும் இன்னொன்று எடுக்காததும் பல நேரங்களில் இதனால்தான். 5ஜி-யில் 3300 மெகாஹெர்ட்ஸுக்கு மேலான அலைவரிசை பயன்படும் இடங்களில் எட்டும் தூரம் இன்னும் குறைவு.

*பயிர்:* கரும்பு நட்ட மாதத்தில் அளந்த சிக்னலும், பத்தடி வளர்ந்து நிற்கும்போது அளந்த சிக்னலும் ஒன்றாக இருக்காது. ஆன்டெனா பயிருக்குக் கீழே போய்விட்டால் அலை தோகைக்குள் புகுந்து வர வேண்டும். இலையில் உள்ள ஈரமும் அலையை உறிஞ்சும். தென்னந்தோப்பில் மட்டைகள் உயரத்தில் இருப்பதால், அடர்ந்த மாந்தோப்பின் கணக்கை அப்படியே பொருத்தக்கூடாது. அளந்தே பார்க்க வேண்டும்.

*உயரம்:* நம் பக்கம் உள்ள நல்ல ஆயுதம் இதுதான். ஹாட்டா சூத்திரப்படி 900 மெகாஹெர்ட்ஸில் ஆன்டெனாவை ஒரு மீட்டர் உயர்த்தினால் சுமார் 2.5 டெசிபெல் கூடுதலாகக் கிடைக்கும். மூன்று மீட்டர் உயர்த்தினால் ஏழரை. அதாவது, ஐந்து மடங்குக்கும் மேல்.

அளப்பது எப்படி?

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், அபவுட் போன், ஸ்டேட்டஸ், சிம் ஸ்டேட்டஸ் என்று உள்ளே போனால் 'சிக்னல் ஸ்ட்ரெங்த்' என்ற இடத்தில் எண் இருக்கும். போனுக்குப் போன் பெயரும் வரிசையும் கொஞ்சம் மாறும். வீட்டில் படிக்கும் பிள்ளைகளிடம் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் எடுத்துத் தருவார்கள்.

1. எந்த நிறுவனத்தின் சிம்மைக் கருவியில் போடப் போகிறீர்களோ அதே சிம்மைப் போனில் போடுங்கள். கருவி 2ஜி என்றால் போனையும் 2ஜி-க்கு மாற்றி அளக்க வேண்டும். 2ஜி எண்ணும் 4ஜி எண்ணும் வெவ்வேறு முறையில் அளக்கப்படுபவை; ஒன்றோடு ஒன்றை ஒப்பிடக் கூடாது.

2. ஐந்து இடங்களில் அளவெடுங்கள். தோட்டத்தின் நடுத் திறந்தவெளி, மோட்டார் ரூம் வாசல், ரூமுக்கு உள்ளே, பேனல் பெட்டிக்கு அருகில், கடைசியாகக் கூரைக்கு மேலே கை உயர்த்திப் பிடித்து.

3. ஒவ்வொரு இடத்திலும் இரண்டு நிமிடம் நின்று, நாலடி இப்படியும் அப்படியும் நகர்ந்து, எண் மாறுவதைப் பார்த்துச் சராசரியை எழுதுங்கள். மண் மாதிரியை ஒரே குழியில் எடுக்கமாட்டோம் அல்லவா, அதே நியாயம்தான்.

4. காலையில் ஒருமுறை, இரவு எட்டு மணிக்கு ஒருமுறை அளவெடுங்கள். ஒவ்வொரு முறையும் ஓர் அழைப்பும் ஒரு குறுஞ்செய்தியும் அனுப்பிப் பாருங்கள்.

5. பயிர் சிறிதாக இருக்கும்போது அளந்தால், வளர்ந்த பயிருக்காக 10 டெசிபெல் கழித்துக்கொள்ளுங்கள்.

கிடைத்த எண்ணை இப்படிப் படியுங்கள். 2ஜி-யில் −85 அல்லது அதைவிட நல்ல எண் என்றால் கவலையில்லை. −85 முதல் −95 வரை சமாளிக்கலாம். −95-க்கும் கீழே போனால் நம்பாதீர்கள். 4ஜி-யில் −90 வரை நல்லது, −105 வரை பரவாயில்லை, −115-க்கும் கீழே போனால் வேண்டாம்.

ஏற்கெனவே கருவி வாங்கியவர்கள், அதில் சிக்னல் அளவைக் கேட்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். பல கருவிகள் 0 முதல் 31 வரையிலான எண்ணைத் தரும். அதை இரண்டால் பெருக்கி 113-லிருந்து கழித்து, முன்னால் கழித்தல் குறி போட்டால் டி.பி.எம் கிடைக்கும். கருவி 10 என்று காட்டினால் −93.

குறைவாக இருந்தால் என்ன செய்யலாம்?

முதலில் ஆன்டெனாவை இரும்புப் பெட்டிக்கும் தகரக் கொட்டகைக்கும் வெளியே கொண்டுவாருங்கள். ஒரு குழாயில் கட்டி, பயிருக்கும் கூரைக்கும் மேலே நிறுத்துங்கள். ஒயரை நீளமாக இழுக்காதீர்கள். மெல்லிய ஆன்டெனா ஒயர் மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டெசிபெல் தின்றுவிடும். நம் எடுத்துக்காட்டில் 5 மீட்டர் மெல்லிய ஒயரோடு ஆன்டெனாவை 3 மீட்டர் உயர்த்தி வெளியே வைத்தால், பெட்டியால் போன 20 திரும்பக் கிடைக்கும், உயரத்தால் ஏழரை கூடும், ஒயரால் 5 குறையும். −100 ஆக இருந்தது −78 ஆகிவிடும். கருவியை மாற்றத் தேவையே இல்லை.

குழாயை நிறுத்தும்போது மேலே மின்கம்பி போகிறதா என்று இரண்டு முறை பாருங்கள். குழாய் சாய்ந்தாலும் கம்பியைத் தொடாத தூரத்தில்தான் நட வேண்டும். இடி, மின்னலுக்குப் பயந்து குழாயை எர்த் செய்துவிடுங்கள். பேனல் பெட்டியைத் திறந்து செய்யும் வேலைகளை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

அப்படியும் போதவில்லை என்றால், வேறு நிறுவனத்தின் சிம்மைப் போட்டு மறுபடி அளந்து பாருங்கள். 4ஜி மட்டும் தரும் நிறுவனத்தின் சிம், 2ஜி கருவியில் வேலை செய்யாது என்பதையும் கவனத்தில் வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மோட்டாரின் உயிரைச் சிக்னலிடம் ஒப்படைக்காதீர்கள். தண்ணீர் வற்றினால் தானாக நிற்கும் டிரை ரன் பாதுகாப்பு, ஒரு ஃபேஸ் போனால் நிற்கும் பாதுகாப்பு, 'இத்தனை மணி நேரம் ஓடி நில்' என்று சொல்லும் டைமர் ஆகிய மூன்றும் கருவிக்குள்ளேயே இருக்க வேண்டும். போடும்போதே டைமரோடு போட்டுவிட்டால், இடையில் சிக்னல் போனாலும் மோட்டார் நேரத்துக்கு நின்றுவிடும். மானியத்துக்கான தகுதி, தொகை பற்றி உங்கள் பகுதி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள். அவை ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை.

வாசகர் கேள்விகள்

*'டவர் கண்ணுக்குத் தெரிகிறது. சிக்னல் மட்டும் இல்லையே?'*

அந்த டவரில் உங்கள் சிம் நிறுவனத்தின் ஆன்டெனா இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும், டவர் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வீசுவதில்லை; பொதுவாக மூன்று திசைகளில் பலகை ஆன்டெனாக்கள் இருக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட திசையில் உங்கள் தோட்டம் இருந்தால் சிக்னல் குறையும். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் 'தரங் சஞ்சார்' இணையதளத்தில் சுற்றுவட்டார டவர்களின் விவரம் பார்க்கலாம்.

*'மழை வந்தாலே சிக்னல் போய்விடுகிறது. மழை அலையைத் தடுக்கிறதா?'*

மொபைலுக்கும் டவருக்கும் இடையிலான அலைவரிசைகளில் மழைத்துளியால் ஏற்படும் இழப்பு மிகமிகக் குறைவு. மழையில் கரண்ட் போய் டவரின் பேட்டரியும் தீர்ந்துபோவது ஒரு காரணம். சில டவர்கள் ஒன்றோடு ஒன்று மைக்ரோவேவ் இணைப்பில் பேசிக்கொள்கின்றன. அந்த உயர்ந்த அலைவரிசையைக் கனமழை பாதிக்கும். நனைந்த இலைகளும் கொஞ்சம் தின்னும்.

*'சிக்னல் பூஸ்டர் விற்கிறார்களே, வாங்கலாமா?'*

வேண்டாம். உரிய அனுமதி இல்லாமல் பூஸ்டர் வைப்பது சட்டப்படி குற்றம். அது டவருக்கு இரைச்சலைக் கிளப்பி, அக்கம்பக்கத்தாரின் சேவையையும் கெடுக்கும். ஆன்டெனாவை வெளியே எடுத்து உயர்த்துவதில் எந்தத் தடையும் இல்லை.

*'போனில் நான்கு கோடுகள் முழுசாக இருந்தும் கருவிக்கு அழைப்பு போகவில்லை. ஏன்?'*

கோடுகளுக்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒரு போனில் நான்கு கோடு காட்டும் சிக்னலுக்கு இன்னொரு போன் இரண்டு கோடு காட்டும். எண்ணைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். எண்ணும் நன்றாக இருந்தால், மாலை நேர நெரிசலா, கருவியில் உள்ள சிம்முக்கு ரீசார்ஜ் முடிந்துவிட்டதா என்று பாருங்கள்.

*'மண் ஈரப்பத சென்சார்களுக்கு லோரா என்ற முறையைச் சொல்கிறார்கள். அதற்கு டவர் தேவையில்லையாமே?'*

சென்சாருக்கும் உங்கள் வீட்டில் வைக்கும் பெட்டிக்கும் இடையே மொபைல் டவர் தேவையில்லை. நம் நாட்டில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் இதற்குப் பயன்படுத்தலாம். வழி இழப்பு மட்டும் இதற்கும் உண்டு. வீட்டுப் பெட்டியின் ஆன்டெனாவை மாடியில், மரங்களுக்கு மேலே வைத்தால்தான் தோட்டம் முழுக்க எட்டும். விற்பவரிடம் 'எத்தனை கிலோமீட்டர் எட்டும்?' என்று கேட்பதைவிட, ஒரு சென்சாரைக் கடைசி வயலில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

உங்கள் தோட்டத்தில் அளந்த எண்களை, பயிர், பயிரின் உயரம், டவர் இருக்கும் தூரம் ஆகியவற்றோடு இதழுக்கு எழுதி அனுப்புங்கள். வளர்ந்த கரும்பும் வாழையும் நம் ஊரில் எத்தனை டெசிபெல் தின்கின்றன என்று சேர்ந்து தெரிந்துகொள்வோம்.